சிறுதேர் செய்த கைகள்

நாடு பிடித்தார்க்குச் சிலை எடுக்கின்றோம்; நாடு காத்தார்க்கும் எடுக்கின்றோம். அணை கட்டினார்க்கும் ஆலை நிறுவினார்க்கும் நாற்சந்திகளிற் சிலைகள் உண்டு. ஆயின், சின்னஞ்சிறு பிள்ளைகள் கையில் வைத்து மகிழ்தற்குச் சிறு பாவை செய்து கொடுத்தார் ஒருவர்க்குச் சிலை எடுத்த ஊரை யான் இதுவரை கண்டிலேன். பாவை செய்தார்க்குப் பாவை இல்லை என்பது உலகத்தின் விந்தையான வழக்குகளுள் ஒன்று போலும்.

இவ்வெண்ணத்தை எனக்குத் தந்தது என் எழுதுமேசையில் நிற்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் உருவம். நிகண்டுகளுக்கும் இலக்கண உரைகளுக்கும் நடுவே அது பல்லாண்டாக நிற்கின்றது. அரைச் சாணுக்கும் சற்றுக் குறைந்த உயரம். கழுத்துத் திரும்பும், தோள் சுழலும், முழங்கையும் முழங்காலும் மடங்கும். உடுத்திருப்பது போர்வீரன் உடை. ஆனால், கையில் ஆயுதம் இல்லை. அஃது இல்லாமைக்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன். என்னைக் காண வரும் அன்பர்கள், "பண்டிதருக்கு இந்த வயதில் விளையாட்டுச் சாமான் எதற்கு?" என்று நகைப்பர். அந்நகைப்புக்கு விடையாக இவ்வாரத் தலையங்கத்தை அப்பாவையைப் பற்றியும் அதற்குப் பின்னே நின்ற ஒரு மனிதரைப் பற்றியும் எழுதத் துணிந்தேன்.

அப்பாவையைச் செய்தது 'ஃபன்ஸ்கூல்' என்னும் இந்திய நிறுவனம். அந்நிறுவனத்தின் தாய்வீடு சென்னையில் உள்ள எம்.ஆர்.எப். என்னும் டயர்த் தொழிற்சாலை. பாரவண்டிகளின் சில்லுகளில் அப்பெயரைக் கண்டோர் மிகப் பலர். அத்தொழிற்சாலை தொடங்கியது டயரில் அன்று, குழந்தைகள் ஊதி மகிழும் பலூனில் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அதனைத் தொடங்கிய கே. எம். மம்மன் மாப்பிள்ளை என்பாரையே இன்று நினைவுகூர விழைகின்றேன். பெயரில் உள்ள 'மாப்பிள்ளை' என்னுஞ் சொல் கேரளத்துக் கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் பழங்காலந் தொட்டு வழங்கி வந்த சிறப்புப் பெயர் என்பதை நம் பகுதி வாசகர்க்குச் சொல்லுதல் தகும்.

அவர் 1922-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் 'மலையாள மனோரமா' நாளிதழின் ஆசிரியர். வங்கி ஒன்றையும் நடத்தியவர். 1938-இல் திருவிதாங்கூர் சமஸ்தான ஆட்சியாளரின் பகைக்கு அக்குடும்பம் ஆளாயிற்று. வங்கி மூடப்பட்டது; நாளிதழ் முத்திரையிடப்பட்டது; தந்தையார் சிறை புகுந்தார். வளமனையிற் பிறந்த மகன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கற்ற காலத்தில் வறுமையின் முகத்தை நேரிற் கண்டார். குடும்பத்தின் பெருமை கைகொடாத நிலையில் தம் கையையே நம்ப வேண்டியவரானார்.

1946-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டிலில் அவர் தொழில் தொடங்கினார். செய்த பொருள் விளையாட்டுப் பலூன். பெரிய எந்திரம் ஏதும் அங்கே இல்லை. பலூன் செய்யும் முறை பார்வைக்கு எளிது; செய்கைக்கு அரிது. பலூனின் வடிவில் அமைந்த அச்சினை இறப்பர்ப் பாலிலே தோய்த்தெடுத்து உலர வைத்தல் வேண்டும். வாயோரத்தை மெல்லச் சுருட்டிவிடல் வேண்டும். பின்னர்ச் சூட்டிலே பதப்படுத்தி, ஒட்டாதிருக்க மாப்பொடி தூவி, கிழியாமற் கழற்றல் வேண்டும். பால் தடித்தால் பலூன் விரியாது. மெலிந்தால் ஊதுமுன் வெடிக்கும். ஒரு குழந்தையின் மூச்சுக்கு இணங்கவும் வேண்டும், அம்மூச்சைத் தாங்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவை அறிதலே அத்தொழிலின் நுட்பம்.

பலூன் என்றதும் என் இளமை நினைவுக்கு வருகின்றது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிற் கொடியேறும் நாள்களில் வீதியின் இருமருங்கும் கடைகள் நிறைந்திருக்கும். மூங்கிற் கழியிற் பலூன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் கூட்டத்தினூடே வருவார். வாப்பாவின் சாரன் நுனியைப் பற்றியபடி நான் அவர் பின்னால் கண்களை ஓட்டுவேன். ஒருமுறை வாப்பா சிவப்புப் பலூன் ஒன்று வாங்கித் தந்தார். வீடு சேருமுன் வேலிக் கம்பியிற் பட்டு அது வெடித்தது. நான் அழுத அழுகை இன்றும் என் உறவினரிடையே கதையாக வழங்குகின்றது. அதன் பின்னர் வாங்கியவை எத்தனையோ, இழந்தவையும் எத்தனையோ. ஆயினும், முதல் இழப்பு என்று மனம் கணக்கு வைத்திருப்பது அந்தச் சிவப்புப் பலூனைத்தான். குழந்தை ஒன்றன் கையிற் கொடுக்கும் பொருள் எத்துணைச் சிறிதாயினும், அதன் உள்ளத்தில் அது பிடிக்கும் இடம் சிறிதன்று.

மம்மன் மாப்பிள்ளையின் கொட்டில் வளர்ந்தது. 1949-இல் சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் முதல் அலுவலகம் திறக்கப்பட்டது. பலூனோடு, அழுத்தினாற் கீச்சென்று ஒலிக்கும் இறப்பர்ப் பொம்மைகளும், தொழிலாளர் அணியும் கையுறைகளும் அங்கே உருவாயின. 1952-இல் தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் இறப்பர்ப் பட்டைத் தொழிலில் அவர் இறங்கினார். அயல்நாட்டு நிறுவனங்களின் ஆதிக்கம் ஓங்கியிருந்த துறை அது. அதிலும் வென்று, அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் துணையோடு 1961-இல் டயர் செய்யத் தொடங்கினார். அதன் பின்னர் அவர் பெயர் பெருந்தொழிலதிபர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. பலூன் விற்ற காலம் பழங்கதையாயிற்று என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆயின், 1987-இல், தம் 65-ஆம் வயதை அணுகிய நிலையில், அவர் தலைமையில் இருந்த நிறுவனம் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தோடு கைகோத்து 'ஃபன்ஸ்கூல்' நிறுவனத்தைத் தோற்றுவித்தது. கோவாவில் அதன் தொழிற்சாலை எழுந்தது. பிள்ளைகளின் பலூனிலிருந்து பெரியோரின் டயருக்குப் போனவர், 35 ஆண்டுகள் கழித்து மீண்டும் பிள்ளைகளிடமே திரும்பி வந்தார். அவ்வாறு திரும்பி வந்தபோது இந்தியச் சிறுவர்க்கு அவருடைய நிறுவனம் கொடுத்தவற்றுள் ஒன்றே 'ஜி. ஐ. ஜோ' என்னும் வீரப் பாவை. என் மேசையில் நிற்பது அவ்வினத்தைச் சேர்ந்தது.

அப்பாவைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹாஸ்ப்ரோ தொடக்கத்தில் துணித் துண்டு வாணிகம் செய்த சகோதரர்களின் நிறுவனம். பென்சிற் பெட்டிகளும் செய்து விற்றது. 1960-களின் முற்பகுதியில் ஸ்டான் வெஸ்டன் என்பார் போர்வீரன் பாவை ஒன்று செய்யலாம் என்னும் கருத்தைக் கொணர்ந்தார். அதற்கு உருக்கொடுத்தவர் அங்கே ஆக்கப் பிரிவின் தலைவராயிருந்த டான் லெவின். கொரியப் போரிற் பணியாற்றித் திரும்பியவர் அவர். ஓவியர்கள் மனித நிலைகளை வரைவதற்கு வைத்திருக்கும் மூட்டுள்ள மரப்பாவையே அவருக்கு வழிகாட்டியது. அவ்வாறே 21 அசையும் உறுப்புகளோடு, 12 அங்குல உயரத்தில், 1964-இல் அப்பாவை வெளிவந்தது. மனித உருவத்துக்கு எவரும் தனியுரிமை கொண்டாட இயலாது ஆதலின், பிறர் படியெடுத்தால் அடையாளங் காண்பதற்காக அதன் கன்னத்தில் ஒரு தழும்பை வைத்தனர். ஆண்பிள்ளைகளைப் 'பொம்மை' வைத்து விளையாடச் சொன்னால் நாணுவர் என்று கருதி, 'அக்‌ஷன் பிகர்' எனப் புதுப்பெயரும் சூட்டினர். 'செயற்பாவை' என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். ஒரு சொல்லை மாற்றியதனால் ஒரு நாணத்தைப் போக்கினர். சொல்லாராய்ச்சி செய்யும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

மேலும் ஒன்றும் எண்ணத்தக்கது. வியட்நாம் போர் நீண்டு, அந்நாட்டு மக்கள் போரை வெறுக்கத் தொடங்கியபோது, போர்வீரப் பாவையை வாங்கும் பெற்றோர் குறைந்தனர். 1970-இல் அதே பாவை படைக்கோலத்தை விடுத்து, காடும் கடலும் சுற்றும் துணிகரப் பயணி ஆயிற்று. பின்னர் 1982-இல் 3¾ அங்குலச் சிற்றுருவமாகிப் புதுப்பிறவி எடுத்தது. நாட்டிலே குருதி சிந்தும்போது வீட்டிலே விளையாட்டுத் துப்பாக்கியும் சுடத்தான் செய்யும். பாவை உலகம் மனித உலகத்தினின்றும் விலகி நிற்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கோவாவிற் செய்யப்பட்டவை இச்சிற்றுருவங்களே. அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுகள். வண்ணங்களோ பல வேளைகளில் வேறு. அங்கே பச்சையாயிருந்த சட்டை இங்கே வேறு நிறம் பெற்றது. அவ்வேறுபாட்டினாலேயே இந்தியாவிற் செய்த அப்பாவைகளை இன்று வெளிநாட்டார் தேடிச் சேகரிக்கின்றனர். அன்று அவற்றை வைத்து விளையாடிய இந்தியச் சிறுவர் இன்று நடுவயதினர். தம் இளமையைச் சொல்லத் தொடங்கினால் அப்பாவையைச் சொல்லாமல் முடிப்பதில்லை.

அவற்றுள் ஒன்று பாக்குநீரிணையைக் கடந்து எங்கள் கரைக்கு வந்த கதையை இனிச் சொல்வேன்.

1990-களின் முற்பகுதி. கிழக்கிலே போர் நிலவிய காலம். யான் ஆசிரியப் பணியேற்ற புதிது. ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் எதையோ வைத்து விளையாடிக் கொண்டிருந்தான். துணி வியாபாரமாக மதராசுக்குப் போய் வந்த மாமா அவனுக்குக் கொணர்ந்து கொடுத்த பாவை அது. வீதியிலே மெய்யான படைவீரர் நிற்க, வகுப்பறையிலே பொய்யான படைவீரனா என்று எனக்குச் சினம் மூண்டது. பறித்தெடுத்தேன். பறித்த பின்னரே அதன் கையைப் பார்த்தேன். துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஈர்க்குத் துண்டு. அதன் நுனியில் தென்னோலையைக் கத்தரித்துச் செய்த சிறு துடுப்பு.

"துவக்கு எங்கே?" என்று கேட்டேன்.

"எறிஞ்சிட்டன் சேர். இவரு இப்ப ஆமி இல்ல; கடலுக்குப் போறவரு" என்றான்.

வகுப்புச் சிரித்தது. யான் சிரித்தேன் அல்லேன். ஆசிரியன் கண்டிப்பானவன் எனக் காட்டிக்கொள்ளும் ஆசை அவ்வயதில் எனக்கு மிகுதி. "தவணை முடிவில் வந்து வாங்கிக்கொள்" என்று கூறிப் பாவையை மேசை அறையில் இட்டுப் பூட்டினேன்.

அன்று மாலை கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டித வகுப்பு. பாடம் குறுந்தொகை. 61-ஆம் செய்யுள், தும்பிசேர்கீரனார் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்துச் சென்றே இன்புறும் சிறுவரைத் தோழி உவமையாகக் கூறும் பாட்டு அது. உவமையின் அழகை ஒரு மணி நேரம் விரித்துரைத்தேன். மாணவர் வியந்தனர், யானும் என்னை வியந்தேன். வீடு திரும்பும் வழியிலேதான் நெஞ்சிற் சுருக்கென்று பட்டது. ஏட்டிலே உள்ள சிறுவனின் வண்டியை மாலையிலே போற்றினேன். கண்ணெதிரே இருந்த சிறுவனின் பாவையைக் காலையிலே பறித்தேன். நூலைக் கற்றவன் பொருளைக் கற்றிலன்.

மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கலாம். கண்டிப்புத் தளர்ந்ததாகும் எனத் தவணை முடியட்டும் என்றிருந்தேன். தவணை முடியுமுன் அக்குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்தது. அக்காலத்தில் குடும்பங்கள் அவ்வாறு சொல்லாமற் பெயர்வது புதிதன்று. எங்குச் சென்றனர் என்று அன்றும் அறிந்திலேன், பின்னரும் அறிந்திலேன். பாவை என்னிடத்தே தங்கிற்று. துடுப்பு ஈர்க்கு உலர்ந்து முறிந்து போயிற்று. வெறுங்கையோடு நிற்கும் அவ்வுருவத்தை மேசையில் வைத்திருப்பது அழகுக்காக அன்று, கடனை மறவாதிருத்தற்காக.

அச்சிறுவன் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. விளையாட்டுப் பொருள் செய்வோர் பாதியே செய்கின்றனர். எஞ்சிய பாதியைப் பிள்ளை செய்கின்றது. அமெரிக்காவில் லெவின் ஒரு படைவீரனைச் செய்தார். கோவாவிலே அவனுக்குப் புதுவண்ணம் தீட்டினர். கல்முனைக் கரையிலே 11 வயதுச் சிறுவன் அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி எறிந்துவிட்டுத் துடுப்பைக் கொடுத்தான். போரை நிறுத்தப் பெரியோர்க்கு இயலாதிருந்த நாளில் தன் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிள்ளை போரை நிறுத்தியிருந்தது. யானோ அதனைக் குற்றமெனக் கண்டேன்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகின்றார். முற்றத்தில் உலரும் நெல்லைக் கவரவந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதணியைக் கழற்றி எறிகின்றாள். அவ்வணி சிறுவர் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. நகரின் செல்வத்தைக் காட்ட வந்த புலவர் பொன்னைத் தரையில் எறிந்துவிட்டு, அது பிள்ளையின் தேருக்குத் தடையாயிற்றே என்பதைச் சொல்கின்றார். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் சிறுதேரை மறந்திலர். தச்சர்தம் பிள்ளைகளும் ஆசைப்படத்தக்கவாறு செய்த தேர் என்று அதனைச் சிறப்பிக்கின்றார். நாள்தோறும் தேர் செய்வதைக் காணும் தச்சன் மகனுக்கும் ஆசை பிறக்கும்படி செய்த தேர் எனின், செய்தவன் கைத்திறனுக்கு வேறு சான்றிதழ் வேண்டுமோ? ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மூன்றும் விளையாட்டே. பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவரும் இம்மரபைப் பேணினர்.

இவ்விடத்தே ஓர் ஐயத்தைத் தீர்த்தல் வேண்டும். உருவப் பாவைகள் மார்க்கத்துக்கு ஒவ்வுமா என்று எங்கள் ஊரிற் சில பெற்றோர் வினவுவதுண்டு. அதனைத் தீர்க்க வேண்டியவர் மார்க்க அறிஞர். யான் மொழி கற்பிப்பவன். ஆயினும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பாவைகளைப் பற்றி அபூதாவூத் தொகுப்பில் வரும் செய்தி பலரும் அறிந்ததே. பாவைகளின் நடுவே துணியாற் செய்த சிறகுகளோடு ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று விடை வந்தது. அது கேட்டு நபியவர்கள் வாய்விட்டு நகைத்தார்கள். அந்நகைப்பைப் படிக்குந்தோறும், பாவையைப் பறித்த என் கையை யான் நினைக்கின்றேன்.

இன்று பிள்ளைகளின் பாவையைப் பறிக்க ஆசிரியன் வேண்டியதில்லை. விளையாட நேரமே அவர்களிடம் இல்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் ஒன்று வீட்டையும் பள்ளியையும் சேர்த்து ஆட்டிப்படைக்கின்றது. பத்து வயது நிரம்பாத பிள்ளை பள்ளி விட்டதும் பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகின்றது. அங்கிருந்து ஓதுவதற்கு, பின்னர் மீண்டும் வீட்டுப்பாடம். இடையிற் கிடைக்கும் நாழிகையைக் கைத்தொலைபேசி விழுங்குகின்றது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31-ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கின்றது. 1991-இல் இலங்கை அதனை ஏற்று உறுதிசெய்தது. அவ்வுறுப்புரையைப் பாடமாக எழுதவைத்துப் புள்ளியிடுகின்றோம். பிள்ளைக்கு அதனைக் கொடுக்க மறந்தோம்.

கைத்தொலைபேசியின் விளையாட்டும் விளையாட்டுத்தானே எனச் சிலர் கேட்பர். வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே துப்பாக்கியை எறிந்துவிட்டுத் துடுப்பைக் கொடுக்க வழியில்லை. செய்தவர் வகுத்த வழியிலேதான் பிள்ளை ஓட வேண்டும். கையில் எடுத்து, மடக்கி, உடைத்து, ஒட்டி, வேறொன்றாக்கும் உரிமையைத் தருவது கைப்பொருளே.

அத்தகைய பொருளுக்கு எங்கள் கரையில் ஒருகாலும் பஞ்சமில்லை. குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்தோம். தென்னோலையிற் பீப்பீயும் பாம்பும் காற்றாடியும் முடைந்தோம். பனங்காயைச் சில்லாக்கி வண்டி உருட்டினோம். சிரட்டையிற் சோறாக்கிக் கூட்டாக உண்டோம். மருதமுனையிலே தறியிருந்து நெய்யும் கைகள் உள்ளன. பன்னிற் பாய் இழைக்கும் தாய்மார் உள்ளனர். வள்ளம் கட்டும் தச்சர் உள்ளனர். இறப்பர்ச் செடி ஆசியாவிலே முதன்முதல் வேரூன்றியது நம் தீவின் ஹெனரத்கொடைப் பூங்காவில், 1876-இல். பொருளும் உண்டு, கையும் உண்டு. அவற்றைப் பிள்ளையை நோக்கித் திருப்பும் மனமே வேண்டும். திருவொற்றியூர்க் கொட்டிலில் 1946-இல் இருந்ததும் அம்மனமும் சிறிது இறப்பர்ப் பாலும் அன்றிப் பிறிதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு யான் கூறுவது பெரிய திட்டமன்று. திங்கள் ஒருமுறை, ஒரு பாட வேளையை விளையாட்டுப் பொருள் செய்வதற்கு ஒதுக்குங்கள். பட்டினப்பாலை கற்பிக்கும் உயர்வகுப்பினர் அந்த முக்காற் சிறுதேரைச் செய்து பார்க்கட்டும். மூன்று சில்லுகள் எவ்வாறு அமைந்தன? முன்னே ஒன்றா, பின்னே ஒன்றா? நூல் சொல்லாத விடையைக் கை சொல்லக்கூடும். எங்கள் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் அமைப்பைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து ஆராய்ந்து மீட்டு, 1947-இல் யாழ் நூலாகத் தந்தார். யாழுக்கு அவர் செய்ததைச் சிறுதேருக்கு ஒரு வகுப்பு மாணவர் செய்யலாகாதா? செய்த தேரைக் கண்ணாடிப் பெட்டியில் வையாதீர்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உடைந்தால் உடையட்டும், மீண்டும் செய்யலாம்.

மம்மன் மாப்பிள்ளை 2003-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சென்னையில் மறைந்தார். 1992-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியிருந்தது. டான் லெவின் 2014-இல் மறைந்தார். தொழில் நூல்கள் ஒருவரை டயரோடும் மற்றவரை வாணிக வெற்றியோடும் சேர்த்துப் பேசும். பேசட்டும். பிள்ளைகளின் கணக்கு வேறு. அக்கணக்கில் ஒருவர் மூச்சுக்கு இணங்கும் பலூன் செய்தவர். மற்றவர் முழங்கை மடங்கும் பாவை செய்தவர். தும்பிசேர்கீரனார் தம் தச்சனின் பெயரைச் சொல்லவில்லை, உருத்திரங்கண்ணனாரும் சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரின்றி நிற்கும் அத்தச்சர் வரிசையில், பெயர் தெரிந்த இருவரையேனும் நாம் நன்றியோடு நினைக்கலாம்.

இதனை எழுதி முடித்தபின் முற்றத்துத் தென்னையிலிருந்து ஓர் ஈர்க்கு எடுத்து வந்தேன். ஓலையை நறுக்கித் துடுப்புச் செய்தேன். முதல் இரண்டும் கோணலாயின. மூன்றாவது ஒருவாறு அமைந்தது. அதனைப் பாவையின் கையிற் பொருத்தி வைத்துள்ளேன். அன்றைய அம்மாணவர் இன்று நாற்பதைக் கடந்திருப்பார். அவருக்கே பிள்ளைகள் இருக்கலாம். இவ்வேடு அவர் கண்ணிற் படுமாயின், அவருக்கு ஒரு சொல்: தவணை முடிந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.